இடம் போட்ட நிழல்

லாயக் கட்டடத்தின் கடைசிச் சுவரும் விழுந்து புழுதி அடங்கிய பிறகும் அதன் நிழல் மட்டும் கிடந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதை முதலில் கண்டவள் அஞ்சலாட்சிதான் என்றாலும் அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை, ஏனென்றால் அன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள், கறுப்பு அட்டை போட்டுத் தங்க எழுத்து அடிக்க வேண்டிய கட்டுகள் அவள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன, தெருவில் இழுத்துப் போட்ட மேசைமேல் வெயில் விழாமல் இருந்தது, ஏன் விழவில்லை என்று அண்ணாந்து பார்க்க அவளுக்கு நேரம் இல்லை.

டீக்கடை கபூர் பாய்தான் வந்து மேசையைத் தட்டினார்.

"அஞ்சலாட்சி, செவுரு போயிடுச்சு. நெழலு போவல. பாத்தியா?"

"இருந்துட்டுப் போவட்டும் பாய். அதுக்கு நீயா வாடகை குடுக்கப் போற?"

அது இருந்தது. மாலையில் திருவல்லிக்கேணியின் எல்லா நிழல்களும் வழக்கப்படி கடலைப் பார்த்து நீண்டன, பல்கலைக்கழக மணிக்கூண்டின் நிழல்கூட மைதானத்தைத் தாண்டிப் போய்விட்டுக் கரைந்தது, லாயக் கட்டடத்தின் நிழல் மட்டும் கட்டடம் முழுசாக நின்றபோது எப்படிக் கிடந்ததோ அப்படியே, நடுவில் கூம்பு, கூம்பின்மேல் மூக்கு உடைந்த, காற்றுத் திசை காட்டும் தகரக் கோழி, ஜன்னல் இருந்த இடங்களில் சதுரம் சதுரமாக வெயில், அந்தச் சதுரங்களுக்குள் கம்பிக் கோடுகள், வலது ஓரமாக மடிந்து மடிந்து ஏறுகிற மாடிப்படி என்று, பாதி காலி மனையிலும் பாதி தெருவிலுமாக நீட்டிப் படுத்திருந்தது. மறுநாள் சூரியன் கடலிலிருந்து ஏறி வந்து எதிர்ப்பக்கமாகப் பிடித்துத் தள்ளிப் பார்த்தும் அது புரளவில்லை. மழை வந்தபோது நிழலுக்குள்ளும் மழை பெய்தது. நனைந்தவர்கள் குறை சொல்லவில்லை, நிழல் என்றால் வெயிலுக்குத்தான், மழைக்குக் குடை வைத்துக்கொள்ள வேண்டியது அவரவர் பொறுப்பு.

லாயக் கட்டடம் என்று பெயர் வந்ததே அது முதன்முதலில் நவாபு வீட்டுக் குதிரைகளுக்காகக் கட்டப்பட்டதால் என்பார்கள். குதிரைகளுக்கு வேலை இல்லாமல் போனதும் அவற்றை வெளியே ஓட்டிவிட்டுக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துப் பிரசவ ஆஸ்பத்திரி வைத்தார்கள். ஆஸ்பத்திரி வேறு பெரிய இடத்துக்குப் போனதும் நர்சுகளை வெளியே அனுப்பிவிட்டுத் தொட்டில் இருந்த கூடத்தில் திரையைக் கட்டி மல்லிகா டாக்கீஸ் ஆக்கினார்கள். டாக்கீஸ் படுத்ததும் திரையைக் கிழித்துப் பலகை வைத்து அடைத்து, ஊரிலிருந்து படிக்கவும் வேலை தேடவும் வந்த ஆம்பளைகளுக்குக் கட்டில் கட்டிலாக வாடகைக்கு விட்டு மேன்ஷன் என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்று உள்ளே வருவதற்கு முந்தினது பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது. கட்டடம் மட்டும் யாரையும் எதுவும் சொல்லாமல் நின்றது. ஒரு கதவு வழியாக வெளியே தள்ளப்பட்டு இன்னொரு கதவு வழியாக உள்ளே வந்த ஒரே ஆள் அஞ்சலாட்சி.

அவள் பிறந்தது அங்கேதான், ஆஸ்பத்திரி நாட்களின் கடைசியில், தளம் கழுவுகிறவளின் மகளாக, கட்டில் எல்லாம் நிரம்பியிருந்ததால் மாடிப்படித் திருப்பத்தில். டாக்கீஸ் வந்தபோது இடைவேளையில் வேர்க்கடலை விற்றாள். கூச்சல் போட்டு விற்கவும், கூச்சல் போடுகிறவனை அடக்கவும், இருட்டில் கையைப் பிடிக்கிறவனின் விரலை மடக்கவும் அங்கேதான் பழகினாள். மேன்ஷனில் பைண்டிங் தெரிந்த ஒருவன் வாடகை கொடுக்க முடியாமல் ஊசியையும் பசைக் கிண்ணத்தையும் விட்டுவிட்டு ஓடிப்போனான். அதை எடுத்து வைத்துக்கொண்டு கீழ்ப்படி ஓரத்தில் உட்கார்ந்தவள்தான், பல்கலைக்கழகத்தில் யார் டாக்டர் ஆனாலும் அவள் கை பட்டுத்தான் ஆக வேண்டும் என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். எந்தக் கடையிலும் அவள் பெயர் எழுதிய பலகை தொங்கியதில்லை. சாயங்காலம் ஆனால் கடகடவென்று இழுத்துவிட்டுப் பூட்டுகிற ஷட்டரும், மேலே அஞ்சலாட்சி பைண்டிங் என்ற எழுத்தும், இவை இரண்டும் அவளுக்கு வேண்டும். சிறு வயதிலிருந்தே வேண்டும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு பேரத்தில் மடக்கிவிடுவார்கள்.

நவாபு வகையில் யாரிடமோ இருந்து யார்யாருக்கோ கை மாறிய கட்டடத்தைக் கடைசியில் ஒரு பில்டர் வாங்கினான். அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அவனுக்காக வந்து போனது வைரவன் என்கிற ஏஜென்ட், வெள்ளைச் சட்டை, எப்போதும் சிரித்த முகம். மேன்ஷன்காரர்களைச் சிரித்துச் சிரித்தே காலி பண்ணினான். கடைசியாக இறங்கியவன் பாக்கியநாதன். தென்காசிப் பக்கத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்து, ஆராய்ச்சி முடியாமல், முடியாததாலேயே ஊருக்கும் போகாமல், தலை நரைக்கத் தொடங்கிவிட்டவன். கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றான்.

நிழல் நிலைத்துவிட்டது என்று உறுதியானதும் அவன்தான் முதலில் உள்ளே போனான். மாடி வரிசையில் தன் ஜன்னல் எது என்று பார்த்து, அந்த வெயில் சதுரத்துக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு, வெளிச்சம் விழுகிற பக்கமாகத் தலை வைத்துப் படுத்துப் படிக்க ஆரம்பித்தான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மேன்ஷன்காரர்கள் அவரவர் ரூமில் துணி காயப்போட்டார்கள். ஆஸ்பத்திரி இருந்த பகுதியில் பிள்ளைத்தாய்ச்சிகள் மத்தியானத்தில் வந்து ஒருக்களித்துப் படுத்தார்கள், அங்கே படுத்தால் கால் வீக்கம் வடிகிறது என்று சொல்லிக்கொண்டார்கள், வடிந்ததும் உண்மைதான். டாக்கீஸ் திரை இருந்த ஓரம் அந்த வட்டாரத்திலேயே அதிகக் கறுப்பு, அங்கே பட்டப்பகலில் வேட்டியைக் கட்டிப் படம் போட்டார்கள். கபூர் பாய் பாய்லரை நகர்த்திக்கொண்டு வந்து வாசல் வளைவுக்குக் கீழே வைத்தார். அஞ்சலாட்சி தன் மேசையைக் கீழ்ப்படி ஓரத்தில், எங்கே இருந்ததோ அங்கேயே போட்டாள். மாடிக்குப் போகிறவர்கள் நிழல் படிமீது ஒவ்வொரு படியாகக் காலை வைத்து நடந்தார்கள், குறுக்கே நடந்தால் அவள் கத்துவாள்.

கும்பிட வந்தவர்களைக் கபூர் பாய் டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். பல்கலைக்கழகத்திலிருந்து கருவிகளோடு வந்து படுத்தும் உட்கார்ந்தும் அளந்தவர்கள் அதைப் பற்றி ஆய்வேடுகள் எழுதினார்கள், எழுதி அவளிடமே பைண்டிங்குக்குக் கொண்டுவந்தார்கள், எல்லாவற்றின் கடைசிப் பக்கத்திலும் மேலும் ஆய்வு தேவை என்று இருந்தது, அஞ்சலாட்சி எல்லாவற்றுக்கும் அவசர ரேட் வாங்கினாள்.

அஸ்திவாரம் தோண்ட இயந்திரம் வந்தது. ஓட்டி வந்தவன் முனிரத்தினம், கிருஷ்ணகிரிக்காரன், மண்ணைத் தவிர எதையும் கடிக்காத வண்டி என்று அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்பவன். தெருமுனையிலிருந்து உறுமிக்கொண்டே வந்தவன் நிழலின் ஓரத்துக்கு வந்ததும் நிறுத்தினான். இறங்கிச் சுற்றிப் பார்த்தான். இன்ஜினை அணைத்தான்.

"ஏம்பா நிறுத்திட்ட?" என்றான் வைரவன்.

"இடம் போட்டிருக்கு சார்."

"என்ன இடம்?"

"பஸ்ல சீட்டு மேல துண்டு கெடந்தா நீங்க போய் ஒக்காருவீங்களா சார்? அந்த மாதிரி. எங்கியோ போயிருக்கு, வந்துடும். வர்ற வரைக்கும் இடம் போட்டிருக்கு."

தெரு மொத்தமும் தலையாட்டியது. இவ்வளவு நாளாக இது யாருக்கும் தோன்றாமல் போயிற்றே. பஸ் நிற்பதற்கு முன்னாலேயே கூடவே ஓடி ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ செருப்பையோகூட எறிந்துவிட்டால் அந்த இடம் எறிந்தவனுடையது, கைக்குழந்தைக்காரியும் முறைத்துக்கொண்டே நிற்பாள், போலீஸ்காரரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவார், துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்கிறவனை மனுசனாக யாரும் மதிக்க மாட்டார்கள். கட்டடம் தன் நிழலை எறிந்துவிட்டுப் போயிருக்கிறது. எங்கே போயிருக்கும் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. டீ குடிக்க என்றார் கபூர் பாய். கைடு கையெழுத்து வாங்க என்றான் பாக்கியநாதன்.

வைரவன் வேறு டிரைவரைக் கூட்டி வந்தான், அவனும் ஓரத்தில் வந்து நின்று தலையைச் சொறிந்தான். வடக்கேயிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கடப்பாரையைக் கொடுத்தான், அவர்கள் விவரம் கேட்டுவிட்டு, தங்கள் ஊர் ரயிலில் கைக்குட்டை போடுவோம், அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று சொல்லி நிழலிலேயே சப்பாத்தி சுட்டார்கள். கடைசியில் அவன் முனிரத்தினத்துக்கே ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சட்டம் கேட்டான்.

"சரி, துண்டை யார்தான் எடுக்கலாம்?"

"போட்டவங்க எடுக்கலாம் சார். இல்ல, அவங்க ஆளுன்னு யாராவது இருந்து, எடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அப்புறம் நான் வண்டிய எடுத்துடுவேன்."

டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கீழ்ப்படி ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறந்தது அங்கே, வளர்ந்தது அங்கே. அந்தக் கட்டடத்தின் ஆள் என்றால் வேறு யார்?

வைரவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அக்கா, ஒரு வார்த்தை. கேக்குறத கேளுங்க."

அஞ்சலாட்சி ஊசியில் நூலைக் கோத்தபடியே அவனைப் பார்த்தாள். உள்ளே எங்கேயோ ஒரு ஷட்டர் கடகடவென்று இறங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. பாழாய்ப்போன ஆசை, அது இன்னும் சாகவில்லை.

"கட வேணும். புது பில்டிங்ல."

"குடுத்துடறோம்க்கா."

"மூலக் கட. ரெண்டு பக்கமும் ஷட்டர்."

"மூலையேதான்."

"எம் பேர பெருசா போடணும்."

"லைட்டு வெச்சே போட்டுடலாம்க்கா."

"பாய்க்கு ஒரு டீக்கட."

"சரிக்கா."

"பாக்கியநாதனுக்கு ரூமு. ஜன்னல் வெச்சு."

"சரிக்கா."

அவளுக்கு எரிச்சல் ஏறத் தொடங்கியது. எத்தனையோ வருஷம் இந்த மேசையில் பேரம் பேசியிருக்கிறாள். வருகிறவன் இல்லை என்பான், தாய் மேல் சத்தியம் பண்ணுவான், எழுந்து நாலு கடை தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்ப்பான், இவளும் போடா என்று குனிந்துகொள்வாள், பிறகு இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒரு இடத்தில் வந்து நிற்பார்கள். நம்மிடம் மல்லுக்கு நிற்கிறவன் நம்மை ஆளாக மதிக்கிறான், பொருளையும் மதிக்கிறான், கொடுத்துவிடுவான். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை, அவன் எதையும் தரப்போவதில்லை. இருந்தாலும் அந்த ஷட்டர். ஒரு வேளை. அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரில இருந்த நர்சம்மாங்கள திரும்ப உள்ள வுடணும்."

"விட்டுடலாம்க்கா."

"டாக்கீஸ் ஆப்பரேட்டரு?"

"அவரும் வரட்டும்."

"குதிரைங்க?"

வைரவன் சிரிப்பு மாறாமல் சொன்னான். "சரிக்கா."

அஞ்சலாட்சி பசைப் பிரஷ்ஷை மேசையில் அடித்த அடியில் அவனுடைய வெள்ளைச் சட்டை முழுக்கப் பசை. "பாய், கேட்டியா? குதிரைக்கும் சரின்ட்டான். இவங்கிட்ட போயி நான் கட கேட்டேன் பாரு." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "எழுந்திரு. பேரம் பேசத் தெரிஞ்ச ஒருத்தன அனுப்பு. இல்லன்னு சொல்லத் தெரியாத வாய்க்கு நான் வார்த்தை குடுக்க மாட்டேன்."

"அக்கா, நல்லா யோசிச்சு..."

"யோசிச்சுதான் பசைய ஊத்தாம பிரஷ்ஷோட நிறுத்தினேன். போ."

போகிற போக்கில் வைரவன் இயந்திரத்தின் பக்கம் போய் நின்றான். சட்டையில் பசை காய்ந்துகொண்டிருந்தது, சிரிப்பு இப்போதுதான் முதல் தடவையாக இல்லை.

"முனிரத்தினம், பஸ் கெளம்புறப்போ துண்டு போட்டவன் ஆளு யாருமே சீட்ல இல்லன்னா?"

முனிரத்தினம் பொய் சொல்லத் தெரியாதவன். "கெளம்புறப்போ ஆளு இல்லன்னா துண்டு செல்லாது சார். யாரு வேணா ஒக்காரலாம். அது நெசந்தான்."

அடுத்த நாள் சாயங்காலம் வைரவனும் போலீசும் உத்தரவோடும் வேன்களோடும் வந்தார்கள். மனையில் ஓர் ஆள்கூட இருக்கக் கூடாது, சுற்றித் தகரம் அடைக்க வேண்டும், காலையில் இயந்திரம் இறங்கும் என்று ஒலிபெருக்கியில் படித்தார்கள். பாக்கியநாதன் கட்டிலைப் பிடித்துக்கொண்டான். பிள்ளைத்தாய்ச்சிகள் எழ மாட்டோம் என்றார்கள். வடக்கத்தியர்கள் ரொட்டிக் கல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அஞ்சலாட்சி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பிரஷ்ஷை நீட்டி ஒலிபெருக்கிக்கு மேலே கத்தினாள், உங்க உத்தரவுல எம் பேரு இருக்குதா, நான் பொறந்தப்போ எவனாவது உத்தரவு வாங்கிட்டு வந்தானா, எந்தப் பத்திரத்துல இந்த நெழல எழுதி வாங்கின, காட்டு என்று, அவள் தொண்டை டாக்கீஸில் பழகிய தொண்டை, தெரு முழுக்கக் கேட்டது. இரண்டு பெண் போலீஸ்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகக் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அவள் எழுந்தாள்.

அவளுடைய நிழல் எழவில்லை.

காலடியில் குனிந்து பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி, வலது கை பிரஷ்ஷோடு நீட்டியது நீட்டியபடி, கட்டடத்தின் நிழலுக்குள்ளே இன்னும் கறுப்பாக, அவளுடைய நிழல் இருந்தது. கட்டடம் செய்ததை அதுவும் பார்த்துத்தானே இருந்திருக்கிறது.

"இரு," என்றாள் அதனிடம், வெளியே போகிறவள் வீட்டில் இருக்கிறவளிடம் சொல்வதைப் போல. பிறகு நிமிர்ந்து எல்லோரையும் பார்த்து, அவள் வாயிலிருந்து யாரும் எதிர்பார்க்காத சொற்களைச் சொன்னாள். "சண்ட வேணாம். எழுந்திருங்க. ஒக்காந்திருந்தது ஒக்காந்திருந்த மாதிரியே வுட்டுட்டு, படுத்திருந்தது படுத்திருந்த மாதிரியே வுட்டுட்டு, பொறுமையா எழுந்திருங்க."

முதலில் புரிந்துகொண்டவன் பாக்கியநாதன். புரண்டு படுக்காமல், புத்தகத்தை மூடாமல், உடம்பை மட்டும் மெல்ல உருவி எடுத்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினான். கபூர் பாய் கடைசியாக ஒரு டீயை உயரத் தூக்கி ஆற்றி, ஆற்றின கையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பிள்ளைத்தாய்ச்சிகள் ஒருவரை ஒருவர் பிடித்து எழுப்பிவிட்டுக்கொண்டார்கள், வயிற்றோடு எழுவதுதான் சிரமமாக இருந்தது, நிழலை விடுவது சிரமமாக இல்லை. இவ்வளவு சுலபத்தில் முடிந்ததே என்று வைரவனுக்குச் சந்தேகம், ஆனால் அவன் எழுந்து நின்றவர்களின் முகங்களை எண்ணிக்கொண்டிருந்தான், தரையைப் பார்க்கவில்லை. தகரத்தை அடித்து மூடினார்கள்.

காலையில் நல்ல வெயில். சந்துகளிலிருந்து அவர்கள் வந்து எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றார்கள், காலடியில் நிழல் எதுவும் விழாமல், அந்தப் பிளாட்பாரம் வெறிச்சென்று வெளுத்திருந்தது. பால்காரர் ஒருவர் அவர்களைத் தாண்டிப் போகும்போது, என்னங்க, வீட்ல விட்டுட்டு வந்துட்டீங்களா என்று கேட்டார். ஆமாம், வேலையாக இருக்கிறது என்றாள் அஞ்சலாட்சி. வைரவன் புதுச் சட்டை போட்டிருந்தான். தகரக் கதவைத் திறக்கச் சொன்னான். முனிரத்தினம் யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

வாசலுக்குள் ஒரு சக்கரம் போவதற்குள் நிறுத்தினான்.

கட்டில் நிழலில் பாக்கியநாதன் நிழல் படித்துக்கொண்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகள் ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். கபூர் பாயின் கை உயரத்திலிருந்து இன்னும் ஆற்றிக்கொண்டிருந்தது. கீழ்ப்படி ஓரத்தில், ஸ்டூலில், பிரஷ்ஷை நீட்டி யாரையோ ஏசிக்கொண்டிருந்தது அஞ்சலாட்சியுடையது. அவற்றுக்கும் அப்பால், நேற்று யாருமே உட்காராத இடங்களில், தொப்பி வைத்த நர்சுகளின் நிழல்கள் இங்கும் அங்கும் நடந்தன, திரை ஓரத்துக்கு எதிரே ஓர் ஆள் குனிந்து எதையோ சுழற்றிக்கொண்டிருந்தார், ஒரு குழந்தை படித் திருப்பத்தில் கையையும் காலையும் உதைத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால், கூம்பின் நிழலுக்கு அடியில், வரிசையாக, கழுத்தைத் தாழ்த்தியபடி குதிரைகள்.

முனிரத்தினம் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். முகத்தில் அவனால் மறைக்க முடியாத நிம்மதி.

"ஆளு வந்துட்டாங்க சார். பஸ்ஸு முழுக்க."

வைரவன் கதவுக்குள் இரண்டடி வைத்தான். தெருவைக் கடந்து வந்து பக்கத்தில் நின்ற அஞ்சலாட்சியிடம் கையைக் காட்டிக் கேட்டான், அவன் வாழ்க்கையிலேயே முதல் முறையாகச் சரி என்று சொல்லாமல்.

"இல்ல. இல்லக்கா. இது எப்படி? குதிரைங்க எங்கேருந்து வந்துச்சு?"

"நீதான சரின்னு சொன்ன," என்றாள் அவள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், தன் நிழல் இருந்த இடத்தில் போட்டு, அது நகர்ந்து இடம் கொடுத்ததும் உட்கார்ந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், தாமதமாக வந்த ஒரு குதிரையின் நிழல் தெருவிலிருந்து நீண்டு கதவருகே வந்து நின்று வாலை ஒரு முறை வீசியது. வைரவன் தன்னை அறியாமல் ஒதுங்கி அதற்கு வழி விட்டான்.